முதியோரைப் பேணும் முறை

பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்கள் சிலவற்றில், மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். இதற்குப் 'பாடு' என்று பெயர். நல்ல இடம் ஒருவருக்கே உரிமையாகிவிடாமல் காக்கும் இம்முறையை நாம் முதியோர் திறத்திலும் கைக்கொள்ளலாகாதா? வலை இழுக்க வலுவிழந்தவரும் கிழிந்த வலையைச் செப்பனிடுவர். இறால் வரும் பருவத்தையும், முகத்துவாரம் மணலால் தூரும் காலத்தையும் இளையோர்க்கு எடுத்துரைப்பர். அன்னோர் தனித்துப் பசித்திருத்தல் ஊருக்கே இழுக்கு. ஆதலின், துணையற்ற முதியோர்க்கு வீட்டுக்கு ஒரு நாளாக உணவளிக்க ஊர்கூடி முறை வகுத்தல் வேண்டும். பிள்ளைகள் கைவிட்டால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, 60 வயது நிறைந்தோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கோரலாம். மாவட்டந்தோறும் முதியோர் இல்லம் அமைக்கவும் அச்சட்டம் வழிசெய்கிறது. எனினும், தம் ஊரிலேயே வாழ விரும்புவோர்க்கு ஊரார் துணையே முதல் துணையாகும்.