கணிப்பொறிச் செயலியில் மிகைவெப்பம்: காரணம் காணும் முறை

கோடை நாட்களில் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள மேசைக் கணிப்பொறி வேலையின் நடுவே மந்தமாகி, சில வேளைகளில் தானாகவே நின்றுவிடுவதுண்டு. பிராசசர் எனப்படும் செயலி பழுதாகிவிட்டது என்று கருதி, அதனையோ முழுப் பொறியையோ மாற்றச் சிலர் முற்படுகின்றனர். பெரும்பாலும் செயலியில் யாதொரு குறையும் இருப்பதில்லை. அதன் வெப்பம் வெளியேறும் வழியில் எங்கோ ஓரிடம் தடைப்பட்டிருக்கும். அவ்விடம் எது என்பதைப் பணம் செலவிடுமுன்பே கண்டுகொள்ள இயலும்.

செயலி பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. வீட்டுக் கணிப்பொறிகளில் 65 வாட் என வகுக்கப்பட்ட செயலிகள் மிகுதி. இது பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவேயாயினும், அவ்வெப்பம் பிறப்பது ஒன்றிரண்டு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சிலிக்கன் சில்லில் என்பதை மறத்தலாகாது. பரப்புக்குப் பரப்பு ஒப்பிட்டால், 1000 வாட் துணி தேய்க்கும் பெட்டியின் அடித்தகட்டைவிட இது பல மடங்கு செறிவானது. இவ்வெப்பம் சில்லிலிருந்து அதன் உலோக மூடிக்கும், இடையே தடவிய பசையின் வழியாக ஹீட் சிங்க் எனப்படும் தகடுகள் நிறைந்த வெப்பநீக்கிக்கும், அங்கிருந்து விசிறிக் காற்றின் மூலம் பெட்டிக்குள்ளும், இறுதியில் அறைக்கும் செல்லுகிறது.

ஆய்வைத் தொடங்குமுன் வெப்பநிலையை அளத்தல் வேண்டும். செயலிக்குள்ளேயே உணரிகள் அமைந்துள்ளன. லினக்ஸ் முறைமையில் ‘சென்சார்ஸ்’ என்னும் கட்டளையும், விண்டோஸில் ‘கோர் டெம்ப்’ போன்ற மென்பொருள்களும் அவற்றின் அளவைக் காட்டும். பயாஸ் திரையிலும் அளவு காணப்படும். ஆனால் அந்நிலையில் செயலி முழு ஓய்வு கொள்வதில்லையாதலால் அங்கே சற்று மிகுதியாகவே காட்டும்.

அளவைக் குறிக்கும்போது அறையின் வெப்பநிலையையும் உடன் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. அறை ஒரு டிகிரி உயர்ந்தால் செயலியும் ஏறத்தாழ ஒரு டிகிரி உயரும். 25 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டிய பொறி, மே மாதத்து நாகபுரியில் 42 டிகிரி அறையில் 87 டிகிரி காட்டுமாயின் அதில் நோய் ஏதுமில்லை; இரண்டிடத்தும் வேறுபாடு 45 டிகிரியே. இன்டெல்லின் பல செயலிகளுக்கு உச்சவரம்பு 100 டிகிரி செல்சியஸ். அதனை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பொறி மந்தமாவதன் காரணம் இதுவே. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசைச் செயலிகளோ கடும் வேலையில் 95 டிகிரி வரை செல்லுமாறே வகுக்கப்பட்டவை. எனவே தனி எண் ஒன்றைக் கண்டு அஞ்சுதல் தகாது.

அடுத்து, பொறி உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். எந்த மென்பொருளையும் திறவாத நிலையிலும் செயலியின் பயன்பாடு தொடர்ந்து உயர்ந்தே இருப்பின், மறைவில் ஓடும் ஏதோ ஒரு நிரலே வெப்பத்துக்குக் காரணம். அந்நிலையில் திருகாணியைத் தொடவேண்டிய அவசியமே இல்லை.

அப்படி இல்லையெனில், பத்து நிமிடம் ஓய்வாக விட்டபின் கடும் வேலை ஒன்றைக் கொடுத்து, வெப்பம் ஏறும் விதத்தைக் கவனிக்க. ஓரிரு வினாடிகளில் 40 அல்லது 50 டிகிரி பாய்ந்தேறி உச்சவரம்பைத் தொட்டு, வேலையை நிறுத்தியதும் அவ்வாறே சரேலென இறங்குமாயின், செயலிக்கும் வெப்பநீக்கிக்கும் இடையிலுள்ள தொடர்பு கெட்டிருக்கலாம். முதலில் ஓரளவு ஏறி, பிறகு பல நிமிடங்கள் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் காற்றோட்டத்தில் குறை எனலாம். ஐயம் தீர இன்னொரு சோதனையும் உண்டு. பொறியை நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்கி, உடனே வெப்பநீக்கியின் தகடுகளைத் தொட்டுப் பார்க்க. திரையில் 95 டிகிரி காட்டிய பொறியில் தகடுகள் வெதுவெதுப்பாக மட்டுமே இருப்பின், வெப்பம் அங்கு வந்து சேரவேயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால், வந்து சேர்ந்த வெப்பத்தைக் காற்று எடுத்துச் செல்லவில்லை. நான் அறிந்தவரை இதைவிட எளிய சோதனை வேறில்லை. ஆயினும் இதனைச் செய்பவர் சிலரே.

தொடர்பு கெடுவதற்குப் பெருங்காரணம், 2004ஆம் ஆண்டில் இன்டெல் எல்.ஜி.ஏ. 775 வகைச் செயலிகளுடன் புகுத்திய நான்கு பிளாஸ்டிக் ஊசிகளாலான பொருத்துமுறையாகும். ஓர் ஊசி நழுவினாலும் வெப்பநீக்கி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். மயிரிழை இடைவெளியில் காற்று புகும். செம்பு காற்றைவிடச் சுமார் 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவது. ஆதலின் அம்மெல்லிய இடைவெளியே பெருந்தடையாகிறது. ஊசித் தலையிலுள்ள அம்புக்குறி கழற்றும் திசையைக் காட்டுவதேயன்றிப் பொருத்தும் திசையை அன்று. இதனைப் பிறழ உணர்ந்து ஊசிகளைத் தளர்த்திவிடுவோர் பலர். பொருத்தும்போது எதிரெதிர் மூலைகளாக, ‘டக்’கென ஒலி கேட்கும்வரை அழுத்த வேண்டும்.

வெப்பநீக்கியைக் கழற்றினால் பசையைப் புதிதாக இடுதல் கட்டாயம். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவே துவரம்பருப்பு அளவு வைத்தால் போதும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகையில் காய்ந்த பசை செயலியையும் உடன் பிடுங்கி, அதன் ஊசிக்கால்களை வளைத்துவிடக்கூடும். ஆகவே பொறியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடேற்றி, நிறுத்தியபின், இலேசாகத் திருகியே எடுக்க வேண்டும்.

காற்றோட்டக் குறை எனின், பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றி அதே வேலையை மீண்டும் கொடுக்க. வெப்பம் பத்து டிகிரி போல் குறைந்தால் குறை பெட்டியில் அல்லது அது வைக்கப்பட்ட இடத்தில் உள்ளது. சுவரோடு ஒட்டியோ, மேசையின் மூடிய அறையிலோ வைத்திருப்பார்கள். தூசி படியாதிருக்கப் போட்ட துணியுறை பின்புறத் துளைகளை மூடியிருப்பதும் உண்டு. அன்பால் விளையும் கேடு இது! குறையாவிடில் விசிறியைக் கழற்றிப் பார்க்க. விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே கம்பளம்போல் படியும் தூசி மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாது. ஊதி நீக்கும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்க. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறத்தல் கூடாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் அபாயகரமான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

செப்பனிட்ட பின் அதே வேலையைக் கொடுத்து மீண்டும் அளந்து, அறை வெப்பநிலை, செயலி வெப்பநிலை, தேதி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறத் தகட்டில் ஒட்டிவைக்கலாம். அடுத்த கோடையில் பெட்டியைத் திறப்பவர் வேறொருவராயினும் அவருக்கு அது பயன்படும்.