தாம்பரத்தை நாமே கட்டுவோம்: எக்ஸ்-பிளேன் சீனரி, முதல் பாடம்

எக்ஸ்-பிளேனில் சென்னை விமான நிலையத்துல இருந்து கிளம்பி, தெற்கே திரும்பி, ஜி.எஸ்.டி ரோட்டுக்கு மேலே தாழ்வா பறந்து பாருங்க. ரோடு இருக்கும், ரயில் பாதை இருக்கும். ஆனா தனியா சீனரி எதுவும் போடலன்னா, குரோம்பேட்டை முழுக்க ஏதோ வெளிநாட்டு ஊர் மாதிரி சரிவான கூரை வீடுகள்தான் நிற்கும். மொட்டை மாடியும் இல்லை, தண்ணி டேங்கும் இல்லை. இதை நாமே மாத்தலாம். அதுக்குத் தேவையான வேர்ல்டு எடிட்டர் இலவசம்.

அடுக்குகளைப் புரிஞ்சுக்கோங்க

சிமுலேட்டர் காட்டும் ஊர் பல அடுக்குகளால ஆனது. அடியில பேஸ் மெஷ்: தரையின் மேடு பள்ளமும் தண்ணீரும். அதுக்கு மேலே ஆட்டோஜென்: ரோட்டு டேட்டாவைப் பார்த்து சாஃப்ட்வேரே ஊகிச்சு நட்டு வெச்ச கட்டடங்கள். அதுக்கும் மேலே ஓவர்லே. நாம வேலை செய்யப் போறது இந்த ஓவர்லேயில்.

உலகம் முழுக்க ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி சதுரங்களா, அதாவது டைல்களா வெட்டப்பட்டிருக்கு. நம்ம ஏரியாவுல 13-வது அட்சரேகை விமான நிலையத்தை ஒட்டி வடக்கே போகுது. அதனால தாம்பரம், குரோம்பேட்டை எல்லாம் +12+080 டைலில். பரங்கிமலை, கிண்டி +13+080 டைலில். ஒரு டைலுக்கு மட்டும் சீனரி இறக்கிட்டு "பாதி ஊரைக் காணோமே"ன்னு தேடாதீங்க. வேர்ல்டு எடிட்டரில் நாம வரையும்போது இந்தப் பிரிவினையை அதுவே பார்த்துக்கும்.

செய்முறை

1. வேர்ல்டு எடிட்டரில் எக்ஸ்-பிளேன் ஃபோல்டரைக் காட்டி, புது பேக்கேஜ் ஒண்ணு உருவாக்குங்க. அது 'கஸ்டம் சீனரி' ஃபோல்டருக்குள்ளே உட்காரும்.
2. பின்னணியில ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வரவழைச்சு, நம்ம தெருவைக் கண்டுபிடிங்க.
3. எக்ஸ்க்ளூஷன் ஜோன் வரைங்க. அந்தக் கட்டத்துக்குள்ளே இருக்கும் ஆட்டோஜென் கட்டடங்கள் மறையும். இதை விட்டுட்டா பழைய வீட்டுக்குள்ளே புது வீடு முளைக்கும்.
4. ஃபசாட் தேர்ந்தெடுத்து, கட்டடத்தின் அடித்தள வடிவத்தை மூலைக்கு மூலை க்ளிக் பண்ணி, உயரத்தை மீட்டரில் கொடுங்க.
5. வேலிடேட் பண்ணி, எக்ஸ்போர்ட் பண்ணுங்க.
6. மாற்றம் தெரியலன்னா 'சீனரி பேக்ஸ்' ஃபைலைத் திறந்து பாருங்க. பட்டியலில் மேலே இருப்பதற்குத்தான் முன்னுரிமை. நம்ம ஓவர்லே பேஸ் மெஷ்ஷுக்கு மேலே இருக்கணும்.

உயரத்துல விளையாடாதீங்க

ஒரு மாடிக்கு சுமார் 3 மீட்டர்னு வெச்சுக்கிட்டா, மூணு மாடி வீடு 9 அல்லது 10 மீட்டர். இது அழகுக்கான கணக்கு மட்டும்னு நினைக்காதீங்க. விமானம் வழக்கமா 3 டிகிரி சரிவில் இறங்கும். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 52 மீட்டர். ஓடுபாதை விளிம்பைச் சுமார் 15 மீட்டர் உயரத்தில் தாண்டும்னு வெச்சா, ஒரு கிலோமீட்டர் தள்ளி அது 67 மீட்டரில்தான் இருக்கும். அங்கே நீங்க சும்மா 20 மாடி நட்டு வெச்சா, நடுவுல மிச்சம் 7 மீட்டர்! நிஜத்திலும் விமான நிலையத்தைச் சுற்றி உயரமா கட்ட இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் தடையில்லாச் சான்று வாங்கணும். காரணம் இதே கணக்குதான்.

ஏரியை எங்கே வரையறது?

நம்ம பகுதியை வானத்துல இருந்து அடையாளம் காட்டுறது ஏரிகள்தான்: ரேடியல் ரோடு நடுவே பிளந்துபோகும் பல்லாவரம் பெரிய ஏரி, சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர். இங்கே ஒரு சிக்கல் இருக்கு. கோடையில எடுத்த சாட்டிலைட் படத்துல தண்ணி சுருங்கி, மீதி இடம் காலி மனை மாதிரி தெரியும். அந்த விளிம்பை வரைஞ்சா ஏரியைப் பாதியா வெட்டிட்டோம்னு அர்த்தம். கரை எங்கே போகுதுன்னு பார்த்து, முழுக் கொள்ளளவுக்கு வரைங்க. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது. தண்ணி தன் இடத்தை மறக்காது. நம்ம வரைபடமும் மறக்கக் கூடாது.

ஒரு குறிப்பு: ஓவர்லேயால பேஸ் மெஷ்ஷில் இருக்கும் தண்ணீரை மாத்த முடியாது. தண்ணி மாதிரி தெரியும் பாலிகனை மேலே விரிக்கலாம், அவ்வளவுதான். நிஜ நீர்ப்பரப்பு வேணும்னா ஆர்த்தோ4எக்ஸ்பி மூலமா புது மெஷ் உருவாக்கணும். அது ஓபன்ஸ்ட்ரீட்மேப் டேட்டாவைப் பயன்படுத்துது. அதனால அங்கே ஏரியின் எல்லையைத் திருத்தினீங்கன்னா, சிமுலேட்டரே விளையாடாதவங்களுக்கும் பயன்படும்.

பகிர்வதற்கு முன்

கூகுள் மேப்பை டிரேஸ் பண்ணி வெளியிடாதீங்க, லைசென்ஸ் அனுமதிக்காது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்தினா அதன் பெயரை ரீட்மீயில் போடுங்க. தாம்பரம் விமானப்படைத் தளத்துக்குள்ளே ஓடுபாதையோட நிறுத்திக்கோங்க. உள்ளே என்னென்ன கட்டடம்னு ஆராய்ச்சி வேண்டாம், மதில் ஓரம் நின்னு போட்டோவும் வேண்டாம்.

முழு தாம்பரத்தையும் ஒரே வார இறுதியில் முடிக்கப் பார்க்காதீங்க. உங்க ஸ்டேஷனைச் சுற்றி 500 மீட்டர் எடுத்துக்கோங்க. நடந்து போய் மாடிகளை எண்ணி, நோட்டுல குறிச்சுட்டு வந்து வரைங்க. ஒரு மாலை நடையில ஒரு தெரு முடிஞ்சுடும்.