எங்கள் வீட்டுக் கணினியும் திண்ணைத் தாத்தாவும்

இந்தச் சுவர் இதழில் நான் கணினி பற்றி எழுதுகிறேன். இது புத்தகத்தில் படித்தது இல்லை. நானே தப்பு செய்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட பாடம்.

எங்கள் வீட்டில் பழைய கணினி ஒன்று இருக்கிறது. பெரியப்பா மகன் அண்ணன் பாலிடெக்னிக் படித்து முடித்ததும் எங்களுக்குக் கொடுத்தது. அதில் விண்டோஸ் 10, உபுண்டு லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. கணினியைப் போட்டதும் ஒரு பட்டியல் வரும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்கு டூயல் பூட் என்று பெயர். லினக்ஸ் என்பது 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கத் தொடங்கியது. அதைக் காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம்.

2025 மே மாத விடுமுறையில் சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது. "லினக்ஸை யாருமே தொடுறதில்லையே, அதை எடுத்துட்டா இடம் கிடைக்குமே" என்று நினைத்தேன். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற பகுதியைத் திறந்தேன். லினக்ஸ் இருந்த 100 ஜிபி பகுதியை அழித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெருமையாகக் கணினியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாயங்காலம் மறுபடி போட்டால், கருப்புத் திரையில் "நோ சச் பார்டிஷன்" என்றும், அதன் கீழே "கிரப் ரெஸ்க்யூ" என்றும் ஆங்கிலத்தில் வந்து நின்றுவிட்டது. விண்டோஸும் வரவில்லை. எனக்குக் கை கால் நடுங்கியது.

ஏனென்றால் அம்மாவின் மகளிர் குழுக் கணக்கு அதில்தான் இருந்தது. 12 பேருடைய சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் டி டிரைவில். மறுநாள் குழுக் கூட்டம். அம்மா சத்தம்கூடப் போடவில்லை. "நான் நோட்டுலயே எழுதிக்கிறேன்னு சொன்னேன். நீதானடி வேணாம்னே. நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டார்கள். அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்பா போன் செய்ததும் அண்ணன் இரண்டு பென் டிரைவோடு வந்தார். "பயப்படாதே பாப்பா, கணக்கு எங்கேயும் போகல. வாசல்தான் அடைச்சிருக்கு" என்றார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார்.

ஒரு வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ். திண்ணையில் ஒரு தாத்தா உட்கார்ந்து, வருகிறவரிடம் "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டு வழி சொல்கிறார். அந்தத் தாத்தாதான் கிரப் என்னும் நிரல். திண்ணை என்பது வன்தட்டின் முதல் 512 பைட். அதற்கு எம்.பி.ஆர். என்று பெயர். அதில் நிரலுக்கு 446 பைட் இடம்தான் உண்டு. அவ்வளவு சின்ன இடத்தில் எல்லாவற்றையும் எழுத முடியாது. அதனால் தாத்தாவின் குறிப்பு நோட்டு லினக்ஸ் அறைக்குள் இருக்கிறது. நான் அந்த அறையை இடித்தபோது நோட்டும் போய்விட்டது. பாவம், தாத்தா வழி தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். விண்டோஸ் அறை அப்படியே பத்திரமாக இருக்கிறது.

அண்ணன் பழுது பார்க்கும் முன் ஒரு காரியம் செய்தார். முதல் பென் டிரைவில் இருந்த லினக்ஸை அதிலிருந்தே ஓடவிட்டு, டி டிரைவைத் திறந்து, அம்மாவின் கணக்கை நகல் எடுத்தார். நான் வேண்டாம் என்று அழித்த லினக்ஸ்தான் கணக்கைக் காப்பாற்றியது!

அடுத்து விண்டோஸ் 10 நிறுவும் பென் டிரைவைப் போட்டார். நிறுவாமல் "ரிப்பேர்" என்பதைத் தேர்ந்தெடுத்து, அதில் "டிரபிள்ஷூட்", பிறகு "கமாண்ட் பிராம்ப்ட்" போனார். பூட்ரெக் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ஃபிக்ஸ்எம்பிஆர் என்று சேர்த்து அடித்தார். திண்ணையில் தாத்தாவுக்குப் பதில் விண்டோஸின் ஆள் உட்கார்ந்துவிட்டார். மறுபடி போட்டதும் விண்டோஸ் வந்தது. அம்மா அப்போதுதான் தண்ணீர் குடித்தார்கள்.

ஆகவே நண்பர்களே, பழைய கணினியில் லினக்ஸை நீக்கச் சரியான வரிசை இதுதான்:

1. முக்கியமான கோப்புகளை வேறு பென் டிரைவில் நகல் எடுக்கவும். லினக்ஸ் பகுதியில் நாம் வைத்த படங்கள் இருக்கின்றனவா என்றும் பார்க்கவும்.

2. விண்டோஸ் பென் டிரைவைத் தயாராக வைக்கவும். அதற்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும்.

3. முதலில் எம்.பி.ஆரைச் சரி செய்யவும். விண்டோஸ் நேராக வருகிறதா என்று பார்க்கவும்.

4. அதன் பிறகே லினக்ஸ் பகுதியை அழிக்கவும். அது எவ்வளவு ஜிபி என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டால் பகுதி மாறிப்போகாது.

5. காலியான இடத்தைப் பக்கத்துப் பகுதியோடு சேர்க்கவும்.

ஐந்தாவதில் எனக்கு ஓர் ஏமாற்றம். எங்கள் வன்தட்டில் சி, டி, லினக்ஸ் என்று வரிசையாக இருந்தன. காலியிடம் டிக்கு அடுத்துதான் இருந்தது. டிஸ்க் மேனேஜ்மென்டில், ஒட்டி வலப்பக்கம் இருக்கும் இடத்தை மட்டுமே சேர்க்க முடியும். சியைப் பெரிதாக்க முடியவில்லை. டியைப் பெரிதாக்கி, சியில் இருந்த படங்களை அங்கே மாற்றினோம்.

புதிய கணினிகளில் யு.இ.எஃப்.ஐ. முறை இருக்கும். அதில் தாத்தா திண்ணையில் இல்லை, இ.எஃப்.ஐ. என்னும் தனிச் சிறு பகுதியில் இருப்பார். அங்கே எம்.பி.ஆர். வேலை தேவையில்லை. அமைப்புத் திரையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலாவதாக வைத்துவிட்டு லினக்ஸ் பகுதியை அழிக்கலாம். ஆனால் இ.எஃப்.ஐ. பகுதியை மட்டும் தொடவே கூடாது. விண்டோஸின் வழியும் அதில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. எங்கள் பழைய கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்காது. அதனால் லினக்ஸை மறுபடி போடலாம் என்கிறார் அண்ணன்! எப்படி நீக்குவது என்று கேட்கும் முன், எதை நீக்குவது என்று யோசித்திருக்க வேண்டும்.

இப்போது அம்மா கணினியிலும் எழுதுகிறார்கள், நோட்டிலும் எழுதுகிறார்கள். மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. நம் பள்ளிக் கணினியில் யாரும் ஆசிரியரைக் கேட்காமல் இதைச் செய்து பார்க்காதீர்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி