மருந்துக்கு அஞ்சாத கிருமிகளும் ஒளிச் சிகிச்சையும்

1928-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் விஞ்ஞானி பெனிசிலினைக் கண்டறிந்தார். சீழ்ப்புண்ணுக்கும் நிமோனியாவுக்கும் மக்கள் அஞ்சி வாழ்ந்த நிலை அதன் பயனாக மாறிற்று. ஆயினும், மருந்தைக் குறைந்த அளவில் உட்கொண்டால் கிருமிகள் அதனை எதிர்த்து நிற்கப் பழகிவிடும் என்று 1945-இல் நோபல் பரிசு பெற்றபொழுதே அவர் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை பலித்துவிட்டது. மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களின் நேரடி விளைவாக 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என விஞ்ஞானிகள் கணக்கிட்டுள்ளனர்.

மருந்து ஏன் தோற்கிறது?

இதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. பெரும்பாலான மருந்துகள் கிருமியின் உடலில் ஒரு குறிப்பிட்ட இடத்தையே தாக்குகின்றன. அவ்விடம் சிறிது மாறுபட்டு அமைந்த கிருமி பிழைத்துப் பெருகுகிறது. இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் கிருமிப் படலமாகும். நாட்பட்ட நீர்த்தொட்டியின் உட்சுவரைத் தடவினால் வழுவழுப்பாக இருப்பதை யாவரும் அறிவர். கிருமிகள் தாமே சுரந்த பசைக்குள் கூட்டமாகக் குடியிருக்கும் கோட்டை அது. ஆறாத புண்ணிலும், பற்களின் இடுக்கிலும், சரிவரக் கழுவாத பாற்பாத்திரத்திலும் இத்தகைய படலம் உண்டாகிறது. பசை மருந்தைத் தடுக்கிறது. உள்ளே வளர்ச்சி குன்றிக் கிடக்கும் கிருமிகளை மருந்து எளிதில் தாக்குவதுமில்லை.

ஒளி எவ்வாறு கொல்லுகிறது?

ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரில் பேராசிரியர் தாப்பைனரிடம் பயின்ற ஆஸ்கார் ராப் என்னும் மாணவர், அக்ரிடின் என்னும் சாயம் கலந்த நீரில் நுண்ணுயிர்களை இட்டு ஆராய்ந்தார். இருளில் பிழைத்திருந்த அவ்வுயிர்கள் வெளிச்சம் பட்டதும் மடிந்தன. இம்முடிவை அவர் 1900-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இச்செயலுக்குப் பிராணவாயுவும் தேவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அகல் விளக்கு எரிவதற்கு எண்ணெய், நெருப்பு, காற்று ஆகிய மூன்றும் வேண்டும். அவ்வாறே இம்முறைக்குச் சாயம், ஒளி, பிராணவாயு ஆகிய மூன்றும் வேண்டும். சாயம் கிருமியின்மீது ஒட்டுகிறது. தனக்கு ஏற்ற நிறமுடைய ஒளியை ஏற்று, அதன் ஆற்றலை அருகிலுள்ள பிராணவாயுவுக்கு அளிக்கிறது. அவ்வாயு கடுமையான வினையாற்றல் பெற்று, கிருமியின் மேலுறை, புரதம், மரபுப்பொருள் ஆகியவற்றை ஒருங்கே சிதைக்கிறது. பல இடங்களில் ஒரே சமயத்தில் அடி விழுவதால், கிருமி இதனை எதிர்க்கப் பழகுவது அரிது. படலத்தின் பசையும் இதனால் சிதைவுறுகிறது.

எங்கே பயன்படும்?

மெத்திலீன் நீலம் என்னும் சாயமும் செந்நிற ஒளியும் ஈறு நோய்ச் சிகிச்சையில் பயன்படுகின்றன. கனடா நாட்டின் வாங்கூவர் நகரிலுள்ள பொது மருத்துவமனை ஒன்றில், அறுவைக்கு முன்னர் நோயாளியின் மூக்கிலுள்ள கிருமிகளை அழிக்க இம்முறை கையாளப்பட்டது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருளும் நீல ஒளியில் கிருமிகளைக் கொல்லுவது ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டுள்ளது. அதனால், புண்ணில் மஞ்சளைப் பூசி வெயிலில் நின்றால் போதும் என்று எண்ணிவிடலாகாது. சாயத்தின் அளவும் ஒளியின் அளவும் மருத்துவர் வரையறுக்க வேண்டியவை. ஒளி எட்டாத உள்ளுறுப்பு நோய்களுக்கும் இரத்தத்தில் பரவிய நோய்களுக்கும் இன்றும் மருந்தே துணை.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே, உள்ள மருந்துகளின் வலிமையைக் காப்பது நம் கடமையாகும். அட்டையில் செங்கோடு இட்ட மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாது. குறித்த நாள் முழுவதும் உட்கொள்ளுதல் வேண்டும். மடிநோய்க்கு மருந்து செலுத்திய பசுவின் பாலை, கால்நடை மருத்துவர் கூறிய நாட்கள் கழியுமுன் விற்றலாகாது. கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழிக்கும், உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கும், தீவனத்திலும் பயன்படுத்துவதை மத்திய அரசு 2019-இல் தடை செய்திருப்பதை விவசாயிகள் மறத்தலாகாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் குடிநீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடரை இடுவதோடு நில்லாது, அதற்கு முன்னர் நீரை வடித்து, உட்சுவரை நன்கு தேய்த்து வழுவழுப்பை நீக்கச் செய்தல் வேண்டும். படலம் நீங்கினாலன்றிப் பவுடரின் முழுப் பயனும் ஊராருக்குக் கிட்டாது.