தோலில் வெள்ளைத் திட்டா? ஒளிக்காதீர்கள், தொட்டுப் பாருங்கள்!

சுகாதாரப் பாடம்



பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, தோட்டத்து டிஸ்பென்சரியில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

"ஐயா, எனக்கு ஒண்ணும் இல்லைங்க. மகளுக்குத்தான். கையில ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு. ஆறு மாசமாச்சுங்க. எண்ணெய் தடவினோம், பத்துப் போட்டோம், போகலைங்க."

"ஆறு மாசமா ஏன்மா கூட்டிட்டு வரல?"

"பொம்பளைப் புள்ளைங்க ஐயா. லயத்துல நாலு பேருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு யாரு கட்டுவா?"

அந்த அம்மாவின் பயம் நமக்கு விளங்குகிறது. ஆனால், தோலில் வரும் வெள்ளைத் திட்டு எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றுக்கு ஆறு மாதம் பொறுத்தாலும் கெடுதி இல்லை. ஒன்றுக்கு மட்டும் காலம் கடத்தக் கூடாது. எது எது என்று பிரித்தறிவதுதான் இந்தப் பாடம்.

தோலுக்கு நிறம் எப்படி வருகிறது?

நமது தோலில் மெலனின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. இதைத் தயாரிப்பதற்கென்றே தோலுக்குள் சின்னஞ்சிறிய கலங்கள் உண்டு. மெலனின் கூடினால் தோல் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். வெயிலில் வேலை செய்தால் முகம் கறுப்பது, தோலைக் காப்பாற்ற உடம்பு மெலனினைக் கூட்டுவதால்தான். கறுப்பு நிறம் நோயல்ல, வெயிலுக்கு அது ஒரு குடை.

மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால் வெள்ளைத் திட்டு வந்தது என்று சிலர் சொல்வார்கள். முன் செய்த பாவம் என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மையல்ல.

நான்கு வகை வெள்ளைத் திட்டுகள்

1. பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறல்: பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலாக, காய்ந்தாற்போலத் தெரியும். "வயித்துல பூச்சி" என்பார்கள். பூச்சி மருந்தை உரிய காலத்தில் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த வெளிறலுக்குக் காரணம் பூச்சியல்ல, வறண்ட தோல். குளித்த பின் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுங்கள். சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனாலும், தானாக மாறும்.

2. தேமல்: நெஞ்சு, முதுகு, கழுத்து, தோள்பட்டை ஆகிய இடங்களில் சிறு சிறு திட்டாக வரும். நகத்தால் மெல்லச் சுரண்டினால் தவிடு போல உதிரும். இது எல்லோர் தோலிலும் இருக்கும் ஒரு வகைப் பூஞ்சணம் அளவு மீறி வளர்வதால் வருவது. வியர்வையும் ஈரமும் அதற்கு விருப்பம். மழையில் நனைந்த உடுப்போடு நாள் முழுக்க இருப்பவர்களுக்கு லேசாக வரும். க்ளோட்ரிமசோல் போன்ற களிம்பால் பூஞ்சணம் செத்துப்போகும். ஆனால் நிறம் திரும்ப வாரங்கள், மாதங்கள் ஆகும். "மருந்து கேட்கல" என்று அவசரப்பட வேண்டாம்.

3. வெண்புள்ளி: பால் போல வெள்ளை வெளேரென்று, எல்லை தெளிவாக இருக்கும். விரல் நுனி, உதடு, கண்ணைச் சுற்றி, முழங்கால் ஆகிய இடங்களில் அதிகம். தொட்டால் உணர்ச்சி நன்றாகத் தெரியும். உடம்பின் காவல் சக்தியே தவறுதலாக நிறக் கலங்களை அழிப்பதால் இது வருகிறது. வெண்குட்டம் என்று இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரால் வந்த தீமை கொஞ்சமல்ல. இது குஷ்டமே இல்லை. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒன்றாகப் படுத்தாலும் ஒட்டாது. களிம்பு, ஒளிச் சிகிச்சை ஆகியவற்றால் பலருக்கு நிறம் ஓரளவு திரும்புகிறது. சீக்கிரம் தொடங்கினால் பலன் கூடும்.

4. தொழுநோய்: இதுதான் காலம் கடத்தக் கூடாதது. திட்டு வெளிறியோ சற்றுச் சிவந்தோ இருக்கும். அரிக்காது, வலிக்காது. பல நேரம் அந்த இடத்தில் வியர்க்காது, மயிர் உதிர்ந்திருக்கும். முக்கிய அடையாளம், அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருப்பது.

வலிக்காத நோய்தான் ஆபத்து. வலித்தால் நாம் மருந்துக்கு ஓடுவோம், வலிக்காவிட்டால் சும்மா இருந்துவிடுவோம். இந்தக் கிருமி தோலோடு நிற்காது. நரம்பையும் தாக்கும். விரலில் உணர்ச்சி போனால் அடுப்புச் சட்டி சுட்டது தெரியாது, கவ்வாத்துக் கத்தி வெட்டியது தெரியாது. காயம் புண்ணாகும், விரல் மடங்கிப்போகும். கொழுந்து எடுப்பவருக்கு விரல்தானே சோறு!

பஞ்சுச் சோதனை

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கொஞ்சம் பஞ்சை எடுத்து நுனியைத் திரித்துக்கொள்ளுங்கள். முதலில் நல்ல தோலில் தொட்டுக் காட்டி, "இப்படித் தொடும்போது அந்த இடத்தை விரலால் காட்டு" என்று சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலிலும் திட்டிலும் மாறி மாறித் தொடுங்கள். திட்டில் தொடும்போது மட்டும் காட்டவில்லையென்றால் மறுநாளே டிஸ்பென்சரிக்குப் போங்கள். ஊசியாலோ சூட்டாலோ சோதிக்க வேண்டாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. தொழுநோயில் எல்லாத் திட்டும் மரத்துப்போவதில்லை. உணர்ச்சி இருந்தாலும், பல வாரங்களாக மாறாத திட்டையும், கை கால் விறைப்பையும், காதிலோ முகத்திலோ தோன்றும் தடிப்பையும் காட்டியே ஆக வேண்டும்.

தொழுநோய் சுகமாகுமா?

நிச்சயம் சுகமாகும். 1708 இல் டச்சுக்காரர் காலத்தில் ஹெந்தளையில் தொழுநோயாளருக்கு ஆஸ்பத்திரி கட்டினார்கள். அன்று மருந்து இல்லை, பிரித்து வைப்பதே வழியாக இருந்தது. இன்று அப்படியல்ல. 1983 முதல் இலங்கையில் கூட்டு மருந்துச் சிகிச்சை கொடுக்கப்படுகிறது. ஐந்து திட்டு வரை உள்ளவர்களுக்குப் பொதுவாக 6 மாதம், அதற்கு மேல் என்றால் 12 மாதம் மாத்திரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் செலவில்லை. மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பரவுவது நின்றுவிடும். வீட்டிலேயே இருக்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளையைத் தூக்கலாம்.

இது பரம்பரை நோயல்ல. சிகிச்சை பெறாத ஒருவரோடு நெடுங்காலம் நெருங்கிப் பழகும்போது மூச்சுக் காற்று வழியாக வருவது. பெரும்பாலான மக்களுக்கு இதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. ஆகவே ஒருவருக்கு இருந்தால் வீட்டிலுள்ள எல்லோரும், விசேஷமாகப் பிள்ளைகள், தோலைக் காட்ட வேண்டும்.

மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் சிவப்பாகப் போகலாம், தோல் கொஞ்சம் கறுக்கலாம். இவை மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம். மருந்து முடிந்து சில மாதங்களில் தோல் பழையபடி வரும். இதற்குப் பயந்து பாதியில் நிறுத்துவதுதான் தவறு. திட்டு திடீரென்று சிவந்து வீங்கினாலோ, கை காலில் பலம் குறைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெளுக்க வைக்கும் கிறீம்கள்

கன்னத்தில் கறுப்பாகப் படரும் மங்குக்கும், சும்மா வெளுப்பதற்கும் கடையில் கிறீம் வாங்கிப் பூசுவது நம் பெண் பிள்ளைகளிடம் பரவியிருக்கிறது. இப்படிப்பட்ட சில கிறீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கிறது. முதலில் முகம் பளிச்சென்று தெரியும். போகப்போகத் தோல் மெலிந்து, பரு வந்து, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகும். அதோடு, இந்தக் கிறீமைத் திட்டின் மேல் பூசினால் நோயின் அடையாளமே மறைந்துபோகலாம். மங்குக்கு முதல் மருந்து நிழல்தான். தொப்பியும் தலைத்துண்டும் முகத்தை மறைக்கட்டும். கர்ப்ப காலத்தில் வந்த மங்கு பலருக்குப் பிள்ளை பெற்றபின் குறையும்.

எங்கே போவது?

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி. வேலை முடிந்து போனால் ஒரு நாள் பேர் வீணாகாது. அங்கிருந்து தேவைப்பட்டால் துண்டு கொடுத்து அனுப்புவார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தோல் கிளினிக் உண்டு.

நாம் தொடங்கிய பேச்சுக்கு வருவோம். ஐயா பஞ்சால் தொட்டுப் பார்த்தார். பிள்ளை காட்டவில்லை.

"பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு தாரேன்மா. தொழுநோய்னு அங்க சொன்னாலும், ஒரே ஒரு திட்டுதான், விரலும் நல்லா இருக்கு. ஆறு மாசம் மாத்திரை போட்டா முடிஞ்சது."

"அப்புறம் கலியாணம் கட்டலாங்களா ஐயா?"

"தாராளமா கட்டலாம். ஆனா இன்னும் ரெண்டு வருசம் ஒளிச்சு வச்சிருந்தா, கை மடங்கி லயத்துக்கே தெரிஞ்சிருக்கும்."

இன்று இரவு விளக்கு வெளிச்சத்தில் உங்கள் பிள்ளைகளின் முதுகையும் கையையும் காலையும் ஒரு தரம் பாருங்கள். பெரியவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் பாருங்கள். பக்கத்துக் காம்பராவில் யாருக்காவது திட்டு இருந்தால் ஒதுக்காதீர்கள். அவரோடு சேர்ந்து டிஸ்பென்சரி வரைக்கும் நடந்து போங்கள்.