கணபதி ஸ்தபதி: ஒரத்தநாட்டு வாசகருக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பி,

பழைய கோயிலைப் பார்த்து அதேபோலக் கட்டுகிறவரை எப்படிக் கலைஞர் என்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வை. கணபதி ஸ்தபதியைக் கோயில்களை மட்டும் வைத்து எடைபோட்டால் உங்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றும். அதனால் கன்னியாகுமரியில் அவர் வடித்த வள்ளுவர் சிலைக்கு வாருங்கள்.

சாமி சிலைகளுக்குத் தாளக் கணக்கு உண்டு. முகம் இவ்வளவு, கை இவ்வளவு என்று நூலே சொல்லிவிடும். ஒரு புலவரைக் கடல் நடுவே பாறைமேல் 133 அடிக்குக் கருங்கல்லில் நிறுத்து என்றால் எந்த நூலைப் புரட்டுவது? பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். சிலை 95 அடி, பொருளும் இன்பமும். இது மேடையில் சொல்ல நல்ல கணக்கு. ஸ்தபதியின் பாடு அதற்குப் பிறகுதான். முகம் மட்டுமே 10 அடி. டன் கணக்கில் கனக்கும் கற்களைத் தனித்தனியாகச் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பொருத்த வேண்டும். அந்த உயரத்திலும் மனுஷன் இடுப்பை லேசாக ஒசித்துவிட்டார்! நேராக நிறுத்தியிருந்தால் வேலை சுலபம், வள்ளுவர்தான் தூணாகியிருப்பார். 2000 ஜனவரி 1 அன்று திறந்த சிலை, 2004 சுனாமியிலும் அசையவில்லை.

1927இல் பிள்ளையார்பட்டியில் ஸ்தபதி குடும்பத்தில் பிறந்தவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தவர். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் அப்பா வைத்தியநாத ஸ்தபதிக்குப் பின் முதல்வராகி, 1988 வரை இருந்தார். வீட்டுக்குள் அப்பன் பிள்ளைக்குச் சொன்ன வித்தை வகுப்பறைக்கு வந்ததில் அவர் பங்கு பெரிது. சிலையைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

மத்திய அமெரிக்கா வரை போய் அங்குள்ள மாயர்களையும் நம் சிற்ப நூல்கள் சொல்லும் மயனையும் முடிச்சுப் போட்டார். அது எனக்கு ஒட்டவில்லை. பெரிய கைக்காரருக்கு ஒரு பிடிவாதம் இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் ஊர் முத்தம்பாள் சத்திரத்தைக் கட்டுவித்தவர் சரபோஜி என்று எல்லோரும் சொல்வோம். உளி பிடித்தவர் பெயரைக் கேட்டால் விழிப்போம். கணபதி ஸ்தபதிக்கோ 2009இல் பத்மபூஷண் கிடைத்தது. ஹவாய்த் தீவில் அவர் வடிவமைத்த இறைவன் கோயிலின் குடமுழுக்கு 2023இல்தான் நடந்தது. அவர் 2011இலேயே போய்விட்டார்.

தஞ்சாவூர் வரும்போது தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குள் போங்கள். நிர்வாகக் கட்டடமும் நூலகமும் அவர் வடிவமைத்தவை. கோப்பும் புத்தகமும் இருக்கிற இடத்துக்கு எந்தக் கோயிலைப் பார்த்து எழுத முடியும்? பார்த்துவிட்டு எழுதுங்கள், மேற்கொண்டு சண்டை போடலாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்