பென்னிகுவிக்கில் தொடங்கலாமே!

கே: மகளைக் கல்லூரியில் இங்கிலாந்து மாணவர்களோடு ஆன்லைனில் பேசச் சொல்கிறார்கள். என்ன பேசுவதென்று விழிக்கிறாள்.
- வாசகி, லோயர் கேம்ப்

ப: முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தை ஊரிலேயே வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா! அவர் மறைந்த இங்கிலாந்தின் கேம்பர்லியிலும் தமிழக அரசு 2022-இல் சிலை வைத்தது. ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்குத் தை மாதம் பொங்கல் வைக்கிறோம் என்றால் கேள்விகள் தானாக வரும். அதே அணையைக் கேரளத்தில் பயத்தோடு பார்க்கிறார்கள், அதையும் சொல்லட்டும்.

பேசுவதற்கு முன் எழுதியும் தொடங்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1997-இல் தொடங்கிய ‘கல்ச்சுரா’ திட்டத்தில் பிரெஞ்சு, அமெரிக்க மாணவர்கள் ஒரே கேள்விகளுக்கு அவரவர் மொழியில் பதில் எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பேசினார்கள். கேமரா முன் நெளிவதைவிட அது மேல். நேரம் கவனம்: குளிர்காலத்தில் நமக்கு இரவு ஏழு என்றால் அங்கே மதியம் ஒன்றரை.